பின்சக்கரத்துக்கு ஒன்பது க்ளிக்

டிக்கியின் பக்கவாட்டுத் தகட்டில் இருந்த துளைக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றாள் அவள். உள்ளே பார்க்க வழியில்லை, விரல்தான் கண். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் உச்சியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை முதலில் வலப்பக்கமாகத் திருப்பி முழுதாகப் பூட்ட வேண்டும். அப்போது வண்டி கல். பிறகு இடப்பக்கமாகப் படிப்படியாகத் திறந்துகொண்டே வர வேண்டும். திறக்கத் திறக்க வண்டி இளகும். ஒரு படிக்கு ஒரு க்ளிக். அது விரல்நுனிக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் காதுக்கு எட்டாது.

“சத்தமா எண்ணு,” என்றார் கணவர், ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி.

“ஏழு… எட்டு… ஒம்பது.”

“ஒம்பது,” என்று அவரும் திருப்பிச் சொன்னார்.

வாய் அங்கே நின்றது. விரல் நிற்கவில்லை. திருகு இனி நகராது என்று முட்டும்வரை திறந்துவிட்டாள். மறுபக்கமும் அப்படியே. பிறகு பானெட்டைத் தூக்கி முன்சக்கரங்களுக்கு “ஏழு” என்றாள். அவரும் “ஏழு” என்றார். அவையும் முழுதாகத் திறந்துகொண்டன. கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இந்தக் காரின் விஷயத்தில் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வார நாட்களில் வீடு வீடாகப் போய்க் கம்ப்ரசர் மாற்றுவார், வாயு நிரப்புவார், கதவு ரப்பர் ஒட்டுவார். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுவார். பிழைப்புக்காக ஓட்டுகிறவர்கள் அல்ல அங்கே வருபவர்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு வெல்டர், பள்ளி வேன் ஓட்டும் ஒருவர், இப்படிப் பத்துப் பதினைந்து பேர். எல்லோருடையதும் சின்னப் பழைய கார்கள். வாரம் முழுக்க வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த அதே வண்டியில் விடுமுறை நாளில் பக்கத்து இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்கள். இவர் பெரும்பாலும் மூன்றாவதாக வருவார். அதனால் அவருக்கு ‘மூணாமிடத்தார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரே ஒரு தடவை இரண்டாவதாக வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “முன்னாடி போனவன் வண்டி புகைஞ்சு நின்னுடுச்சு. இது என் கணக்குல வராது,” என்று கோப்பையை அலமாரியின் பின்வரிசையில் தள்ளிவிட்டார். இப்போது அந்தக் கோப்பை அவர் கட்டிலருகே இருக்கிறது. வாயை ஈரப்படுத்தும் பஞ்சுக் குச்சிகளை அதில்தான் அவள் போட்டு வைத்திருக்கிறாள்.

பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து அந்த நான்கு ஷாக் அப்சார்பர்களும் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேசை மேல் துணி விரித்து, கைக்குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார்.

“இது என்ன, நாலு இரும்புக் குழாய்?”

“குழாயா? இத இறுக்கலாம், தளர்த்தலாம். ஸ்பிரிங்க மேல ஏத்தலாம், கீழ எறக்கலாம். வண்டி நம்ம சொல் பேச்சு கேக்கும்.”

“நல்லதுதான். வீட்டுல ஒன்னாவது கேக்கட்டும்.”

பூட்டிய பிறகுதான் வம்பு தெரிந்தது. முன்சக்கரத்துத் திருகுகள் பானெட்டைத் தூக்கினால் கைக்கு வந்துவிடும். பின்சக்கரத்துத் திருகுகளோ டிக்கித் தகட்டின் துளைக்குள் ஒளிந்திருந்தன. அவர் கை விரல்முட்டியோடு நின்றுவிட்டது. கம்ப்ரசர் தூக்கித் தூக்கித் தடித்த கை அது. பக்கத்துக்கு ஒரு துளை, இரண்டிலும் மாறி மாறிக் குத்திப் பார்த்தார். துளையைப் பெரிதாக வெட்டவும் அவருக்கு மனமில்லை. “அந்தத் தகடு வண்டிக்கு எலும்பு. எலும்புல கை வைக்கக் கூடாது,” என்றார். அந்த வழியாகத் துணி உலர்த்தப் போனவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நகருங்க,” என்று சொல்லி உள்ளே கையை விட்டாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

அன்றிலிருந்து பின்சக்கரம் அவள் பொறுப்பு. முதல் மாதத்திலேயே தகட்டின் விளிம்பு கீறி அவள் மணிக்கட்டில் ரத்தக்கோடு விழுந்தது. அடுத்த வாரம் கை விட்டபோது இரண்டு துளைகளைச் சுற்றியும் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார்.

சத்தமாக எண்ணுவதும், அதை மற்றவர் திருப்பிச் சொல்வதும் அவள் கொண்டுவந்த வழக்கம். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். படுக்கையிலிருக்கும் கிழவர் கிழவிகளைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுக்கும் வேலை. அங்கே வீரியமான மருந்து எதையும் ஒருத்தி மட்டும் அளந்து கொடுக்கக் கூடாது. ஒருத்தி அளவைச் சொல்ல வேண்டும், இன்னொருத்தி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் வாயில் விட வேண்டும். ஒருநாள் இவர் எட்டா ஒன்பதா என்று தடுமாறித் தலையைச் சொறிந்து நின்றபோது, “எங்க இல்லத்துல செய்யுற மாதிரி செய்வோம்,” என்றாள். அதற்குப் பிறகு தடுமாற்றமே வந்ததில்லை.

ஓட்டிவிட்டு வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். “ரெண்டாவது வளைவுல வாலத் தூக்கிட்டுப் போகுது.” அவள் ஒரு க்ளிக் திறப்பாள். மறுபடி போய் வருவார். “இப்ப பரவாயில்ல, ஆனா மந்தமா இருக்கு.” அரைநாள் இப்படியே ஓடும். கடைசியில் சுற்றிச் சுற்றி ஒன்பதில்தான் வந்து நிற்கும். ஜெயிப்பது அவருக்கு இரண்டாம்பட்சம் என்று அவள் கண்டுபிடிக்க வெகுநாள் ஆயிற்று. தரை எப்படி இருக்கிறது என்று கார் அவரிடம் சொல்ல வேண்டும். இடுப்பிலும் முதுகிலும் வந்து அது சொல்லும். அதைக் கேட்பதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்.

அந்த இடுப்பிலும் முதுகிலும்தான் நோயும் வந்து உட்கார்ந்தது. முதலில் நுரையீரல், பிறகு எலும்பு. தெரிந்தபோதே பரவிவிட்டிருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் அதே வேலையைச் செய்தாள். குதிகாலுக்குப் பஞ்சு வைத்தாள், நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தாள், வலி தலையெடுக்கும் முன்பே மாத்திரையைக் கொடுத்தாள். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது வீடு தீப்பற்றிய பிறகு கிணறு தேடிப் போவது போல என்பது அவளுக்குப் பயிற்சியில் ஊறிய பாடம். நோயாளி முகம் சுளிப்பதற்குள் தலையணை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேண்டுமா என்று கேட்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. அவளை அந்த இல்லத்தில் எல்லோரும் கெட்டிக்காரி என்றது இதற்காகத்தான்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “இந்த வருஷக் கடைசி ஓட்டத்தன்னிக்கு, சாப்பாட்டு இடைவேளைல ஒரு சுத்து. என் வண்டில. நான் ஓட்ட மாட்டேன், பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அடுத்த வருஷத்து ஓட்டம் அவருக்கு இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மருத்துவர் தோளைக் குலுக்கிவிட்டு, “வலி அதிகமா இருக்கும்,” என்றார். பந்தய மன்றத்துச் செயலாளர் உடனே சரியென்றார். ஓட்டுவதற்கு வெல்டர் வந்தார். இருபது வருஷமாக இவருக்கு ஒரு வண்டி முன்னால் இரண்டாவதாக வருகிறவர் அவர்தான். கழற்றி வைத்திருந்த பக்கத்து இருக்கையைத் தேடி எடுத்து அவரே பூட்டினார்.

“யோவ் மூணாமிடத்தாரே, இத்தனை வருஷமா என் முதுகப் பாத்தே ஓட்டுனியே, ஒரு நாளாவது என் மூஞ்சியப் பக்கத்துல இருந்து பாரு.”

“முதுகே தேவலாம்டா.”

ஓட்ட நாளன்று காலையில்தான் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள். அவரிடம் சொல்லியிருக்கலாம்; கேட்டிருக்கலாம். ‘மெத்துனு வெச்சுடறேன்’ என்றால் அவர் மறுப்பார் என்பது தெரிந்துதான் கேட்கவில்லை. கல்லாட்டம் இருக்கும் வண்டியில் அந்த இடுப்போடு ஒரு சுற்று என்றால் பாதியிலேயே அலறிவிடுவார், அத்தனை பேர் நடுவில் தூக்கி இறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நேராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்றும் நினைத்தாள்.

வெல்டர் காரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். இவர்கள் வாடகை வேனில், அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, பின்னால் போனார்கள். தடத்தில் இறங்கியதும் வெல்டர் அவளை டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“என்ன தங்கச்சி இது? வண்டி கப்பலாட்டம் ஆடுது. எல்லாத்தையும் தெறந்து விட்டுட்டியா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அவருக்குத் தெரியாது.”

வெல்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அவனுக்கா தெரியாது? நல்லாச் சொன்ன போ. இப்பவே பழையபடி வெச்சுடு. டிக்கியத் தெறக்கறேன்.”

“உங்களுக்கு அவர் எலும்பு நிலைமை தெரியாது அண்ணே. படம் எடுத்ததை நான் பாத்திருக்கேன்.”

எலும்பைப் பற்றி அவளிடம் வாதாட வெல்டருக்குத் துணிச்சல் இல்லை.

மாத்திரை கொடுத்து, அது வேலை செய்ய நேரம் கொடுத்து, விலாவுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே துண்டை மடித்து வைத்து, அவரை இருக்கையில் இறக்கினாள். தலைக்குப் பெரிதாகிவிட்ட ஹெல்மெட்டுக்குள் ஒரு கைக்குட்டையைத் திணித்தாள். அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் போல இருந்தது. வேலியோரம் வண்டிக்காரர்கள் எல்லோரும் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். ஒருவர் விசில் அடித்தார்.

கார் போயிற்று. முதல் வளைவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவளின் இடுப்பு போல வழிந்து சாய்ந்து, நிமிர நேரம் எடுத்துக்கொண்டு, அடுத்த பக்கம் சரிந்தது. வேலியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூணாமிடத்தாரின் வண்டி வளைவில் சாய்ந்து அவர்கள் பார்த்ததே இல்லை. அவள் அப்போதுதான் பார்த்தாள். இத்தனை வருஷம் க்ளிக் எண்ணிய விரலுக்குத் தெரிந்திருந்தது கண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தச் சொல்லிக் கத்தலாம் போலிருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? இருப்பது ஒரு சுற்று. அது ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து நின்றபோது அவர் சிரித்தார், எல்லோருக்கும் கைகூப்பினார், வெல்டரின் தோளைத் தட்டினார். வலிக்கவில்லையா என்று அவள் கேட்டதற்கு, “கொஞ்சங்கூட இல்ல,” என்றார். பிறகு அவர் வலக்கை மறுபடி இருக்கையோரம் இறங்கி, எதையோ கேட்பது போலக் காரின் தரையில் உள்ளங்கை பதித்தபடி இருந்தது. அதை அவள்தான் எடுத்து மடியில் வைத்தாள்.

“என்ன சொன்னார்?” என்று பிறகு வெல்டரைத் தனியாகக் கேட்டாள்.

“ஒரு வார்த்த இல்ல தங்கச்சி. ரெண்டாவது வளைவு தாண்டினதும் கண்ண மூடிக்கிட்டான்.”

வீட்டுக்கு வந்து, துடைத்து, உடை மாற்றிப் படுக்கவைத்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் கால் வரை வந்திருந்தது. பஞ்சுக் குச்சியால் உதட்டை நனைக்கப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எத்தனை வெச்ச?”

“ஒம்பது.”

“எத்தனை வெச்ச?”

அவள் குச்சியைக் கோப்பையில் போட்டாள். “முழுசாத் தெறந்துட்டேன்.”

“முன்னாடி?”

“அதையும்தான்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “உங்க இல்லத்துல ஒரு மருந்தச் சொல்லிட்டு வேற மருந்த யாருக்காவது குடுத்திருக்கியா?”

“இல்ல.”

“நான் ஒம்பதுன்னு திருப்பிச் சொன்னேனே. என்னையும் சேத்துல்ல பொய் சொல்ல வெச்சுட்ட.”

“வலிக்குமேன்னு…”

“வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? அது என் வலி, எனக்குப் பழகிப்போச்சு. அந்த வண்டி ஒரு வளைவுலகூட எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. மெத்தையில படுத்த மாதிரியே இருந்துச்சு.” விரலால் படுக்கையைத் தட்டினார். “மெத்தைதான் இங்கயே இருக்கே. இதுக்கா அவ்வளவு தூரம் போனேன்?”

மன்னிப்பு என்ற சொல் அவள் வாய்வரை வந்தது. அதைக் கொடுத்து எதைத் திரும்ப வாங்குவது என்று அங்கேயே நின்றுவிட்டது.

“என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பி விடு,” என்றார்.

கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கக்கூட அவருக்கு அவள் வேண்டியிருந்தது. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, வழக்கம் போல மூச்சோடு மூச்சாகப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, முதுகைத் தன் பக்கம் காட்டும்படி அவரைப் படுக்கவைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். தடத்தின் வாயில் மூடியாகிவிட்டது. இனி அது திறக்கும்போது வெல்டர் இருப்பார், மருந்துக்கடைக்காரர் இருப்பார்.

மறுநாள் காலை அவருக்கு மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை இருந்தது. அழைத்துப்போக வண்டி அனுப்புவார்கள். அவள் தொலைபேசியில் கூப்பிட்டு வண்டி வேண்டாம் என்றாள். “பின்ன எதுல வருவீங்க?” என்றாள் எதிர்முனையில் இருந்தவள். “எங்க வண்டிலயே,” என்று வைத்துவிட்டாள்.

மாத்திரையைக் கொடுத்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஷெட்டுக்குத் தள்ளிப் போனாள். வெல்டர் கொண்டுவந்து விட்டுப்போயிருந்த காரைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி எடுத்து நிறுத்தி, டிக்கியைத் திறந்து, நாற்காலியைப் பம்பருக்கு இணையாக ஒட்டி நிறுத்தினாள்.

“என்ன பண்ணப் போற?” என்றார். முந்தைய சாயங்காலத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

“ஒம்பது வைக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டீங்க. கையக் குடுங்க.”

“என் கை போகாது.”

“குடுங்க.”

அவர் கையைப் பார்த்தார். முட்டிகள் மட்டும் பெரிதாக, நடுவெல்லாம் வற்றி, அவளுடையதைவிடச் சின்னதாகக் கிடந்தது அந்தக் கை. முதுகுக்குப் பின்னால் அவள் முட்டுக்கொடுத்து, முழங்கையைத் தாங்கிப் பிடித்து, துளையருகே கொண்டுபோனாள். ரப்பர் விளிம்பை உரசாமல் உள்ளே போயிற்று. இத்தனை வருஷமும் நுழையாத இடம். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“இருக்கு,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “இவ்வளவு சின்னதா இது? பெரிசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்.”

முழுதாகப் பூட்டினார். திறந்தார். “ஒண்ணு.” “ஒண்ணு,” என்றாள் அவள். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். “ஒம்பது.” “ஒம்பது.” கையை வெளியே எடுத்தபோது நெற்றி முழுக்க வியர்வை. அதைத் துடைத்துவிட்டாள்.

மறுபக்கத்துக்கு அவருக்குத் தெம்பில்லை. “நீயே வை,” என்றார். அவள் கையை விட்டு, பூட்டி, ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி, ஒன்பதில் வாயையும் விரலையும் சேர்த்து நிறுத்தினாள். அவர் திருப்பிச் சொன்னார். முன்பக்கம் இரண்டும் ஏழு.

காரை அவள்தான் ஓட்டினாள். தெருமுனை மேட்டில் ஏறி இறங்கியபோதே அவர் பல்லைக் கடித்தார். அவள் கால் பிரேக்கைத் தேடியது. “கொறைக்காத,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தார் போட்ட ஒட்டு, மழையில் அரித்த ஓரம், மூடி கிளம்பிய சாக்கடைக் குழி எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு வார்த்தையும் வந்தது. “முன் இடது.” “ரெண்டும்.” “பின் இடது… நல்லா உக்காருது பாரு.” கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அது வலியில் வந்ததுதான். அவள் துடைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

மருத்துவமனை வாசலில் வேகத்தடை மேல் ஏறி இறங்கியதும், “நிறுத்து,” என்றார். “பின் வலது ஒரு க்ளிக் கொறைச்சலாத் தெறந்திருக்கு. இறுக்கமா இடிக்குது. பாரு.”

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. ஊழியர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அவள் இறங்கிப் போய், டிக்கியைத் திறந்து, கையை உள்ளே விட்டாள். பூட்டும்வரை எண்ணினாள். திறந்து எண்ணினாள். ‘ஆமாங்க, எட்டுதான் இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் முகம் தெளிந்துவிடும்.

அவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

“ஒம்பதுதாங்க இருக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அப்ப என் இடுப்புதான்,” என்றார்.

“ஆமா,” என்றாள். டிக்கியை மூடிவிட்டு வந்து, தோளுக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்து, ஊழியரை ஒதுங்கச் சொல்லி, அவரை நாற்காலிக்கு மாற்றினாள்.